நூறடி ரோட்டின் ஐந்து முடிச்சுகள்

வணக்கம் நேயர்களே. சென்னையில் இருப்பவர்களிடம் மாநில நெடுஞ்சாலை எண் 2 எங்கே என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் விழிப்பார்கள். நூறடி ரோடு என்று சொல்லுங்கள், உடனே கை காட்டுவார்கள். பெயர்ப் பலகையில் ஜவாஹர்லால் நேரு சாலை. திட்டக் காகிதத்தில் உள்வட்டச் சாலை. கண்டக்டர் வாயில் எப்போதும் நூறடி ரோடுதான்.

அந்த வட்டத்தில் ஒரு துண்டை மட்டும் இன்று பார்ப்போம். கத்திப்பாராவில் நேரு சிலை நிற்கும் இடத்திலிருந்து வடக்கே பாடி வரை. ஈக்காட்டுத்தாங்கல், காசி தியேட்டர், அசோக் பில்லர், வடபழனி, அரும்பாக்கம், கோயம்பேடு, திருமங்கலம், பாடி லூகாஸ். வேளச்சேரிக்கும் அம்பத்தூருக்கும் போகும் டி70 பஸ்ஸில் உட்காருபவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். இதில் உதயம் என்று ஒரு ஸ்டாப் உண்டு. தியேட்டர் மூடியாகிவிட்டது, ஸ்டாப்பின் பெயர் மட்டும் மூடவில்லை.

இந்த ரோட்டைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும். சென்னையின் பழைய ரோடுகள் எல்லாம் கோட்டைப் பக்கமிருந்து வெளியே போகிறவை. தெற்கே அண்ணா சாலையும் அதன் தொடர்ச்சியான ஜி.எஸ்.டி. ரோடும், அதாவது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. மேற்கே ஆற்காடு ரோடு, பூந்தமல்லி நெடுஞ்சாலை. வடமேற்கே திருவள்ளூர் போகும் சி.டி.எச். ரோடு. வடக்கே ஜி.என்.டி., அதாவது கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு. விரித்த கைவிரல்கள் மாதிரி ஐந்து. நூறடி ரோடு எந்த ஊருக்கும் போகிற ரோடு அல்ல, அந்த ஐந்து விரல்களையும் குறுக்கே சேர்த்துக் கட்டிய கயிறு. அதனால் இதன் தொல்லைகள் எல்லாம் முடிச்சுகளில்தான் இருக்கின்றன. நடுவில் எவ்வளவு அகலப்படுத்தினாலும் முடிச்சில் வந்து நின்றுதான் ஆக வேண்டும்.

முதல் முடிச்சு கத்திப்பாரா. இதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்துக்கொள்கிறேன், மன்னியுங்கள். 2008 அக்டோபரில் திறந்த மேம்பாலம், நாலு இதழ்ப் பூ வடிவம். படம் இல்லாமல் சொல்கிறேன். கிண்டியிலிருந்து வருகிறீர்கள், வடபழனி போக வேண்டும். வடபழனி உங்களுக்கு வலப்பக்கம். ஆனால் வலப்பக்கம் ஒடிக்கவே கூடாது. நூறடி ரோட்டைத் தாண்டும் வரை நேரே போங்கள். தாண்டியதும் இடப்பக்கம் ஒரு வளையம் பிரியும். அதில் நுழைந்து, இடமாகவே முக்கால் வட்டம் சுற்றினால் வடபழனியைப் பார்த்து நிற்பீர்கள். வலம் போக இடம் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். விமான நிலையத்திலிருந்து வடபழனி வருகிறவருக்கு இந்தச் சுற்று இல்லை. அவருக்கு அது நேரடி இடதுத் திருப்பம்.

சிக்கல் எங்கே? ஒரு வளையத்திலிருந்து வெளியே வருபவரும், அடுத்த வளையத்துக்குள் போக வேண்டியவரும் ஒரே இடது ஓரத்தைப் பகிர்கிறார்கள். வருபவர் வலப்பக்கம் விலகப் பார்ப்பார், போகிறவர் இடப்பக்கம் நெருங்கப் பார்ப்பார். சடை பின்னுவது மாதிரி ஒருவரை ஒருவர் குறுக்கே வெட்டியாக வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு பதினோரு மீட்டர். பின்னுவதற்கு நூறு மீட்டர் இடம் இருந்தால் ஒன்பது நொடி கிடைக்கும். அந்த ஒன்பது நொடிக்குள் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, இடைவெளி தேடி நகர வேண்டும். அங்கே ஆள் ஏற்ற ஒரு ஷேர் ஆட்டோ நின்றால் நூறு மீட்டர் ஐம்பதாகிவிடும், ஒன்பது நொடி நாலரை ஆகிவிடும். பாலம் போதவில்லை என்று நாம் திட்டுகிற பல வேளைகளில் தொலைந்து போயிருப்பது அந்த நாலரை நொடிதான்.

சரி, பெயரில் இருக்கும் நூறடிக்கு வருவோம். நூறடி என்றால் 30.48 மீட்டர். தார் மட்டும் நூறடி இல்லை, மதிலுக்கு மதில் நூறடி. ஒரு தடம் மூன்றரை மீட்டர். ஆறு தடத்துக்கு 21 போய்விட்டது. நடைபாதை ஒரு பக்கம் 1.8 மீட்டராவது வேண்டும், இரண்டு பக்கம் 3.6. நடுவில் மெட்ரோ தூணும் அதன் கரையும் சேர்த்து இரண்டரை மீட்டர் என்று வையுங்கள். மிச்சம் பக்கத்துக்கு 1.7 மீட்டர்கூடத் தேறவில்லை. ஒரு காரின் அகலம் அது. மழைநீர் வடிகால், மின்பெட்டி, பஸ் நிழற்குடை எல்லாம் அந்த ஒரு கார் அகலத்துக்குள் அடங்க வேண்டும். ஒரே ஒரு கார் ஓரமாக நின்றால் நடப்பவர் தாரில் இறங்குகிறார், பஸ் இரண்டாவது தடத்தில் நிற்கிறது.

2015 ஜூன் 29 அன்று சென்னையின் முதல் மெட்ரோ ஓடியது இந்த ரோட்டின் தலைக்கு மேல்தான், கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஏழு நிலையங்கள். அதே வருடம் டிசம்பரில் அடையாறு பெருகி ஈக்காட்டுத்தாங்கலும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கின. அது ஆற்று வெள்ளம். ஆனால் சாதாரண மழைக்கே ஓரத்தில் முழங்கால் அளவு தேங்குகிறதே, அதன் காரணம் வேறு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே நாலு சென்டிமீட்டர் புதுத் தார் போடுகிறார்கள். நாலு முறை போட்டால் பதினாறு. நடைபாதைக் கல்லின் உயரமே பதினைந்துதான், அது காணாமல் போய்விடும். தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் வீட்டு வாசலுக்குப் போகும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே உத்தரவிட்டார். உங்கள் தெருவில் தார் போட வந்தால் முதலில் பாருங்கள், சுரண்டும் இயந்திரம் வந்திருக்கிறதா என்று.

வடபழனி, ஆற்காடு ரோட்டு முடிச்சு. ரோட்டின் மேல் மேம்பாலம். பாலம் வண்டிக்கு வழி விட்டது, நடப்பவருக்கு விடவில்லை. இருபத்துநாலு மீட்டர் ரோட்டைக் கடக்க, நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு இருபது நொடி வேண்டும். கைத்தடி ஊன்றுபவருக்கு அதற்கும் மேலே. பச்சை விளக்கை எண்ணிப் பாருங்கள், தெரியும்.

கோயம்பேடு, பூந்தமல்லி நெடுஞ்சாலை முடிச்சு. கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறிச் சந்தை 1996-ல் இங்கே வந்தது. 2002-ல் பஸ் நிலையம். 2021 நவம்பரில் பஸ் நிலைய வாசலைத் தாண்டிப் போக ஒரு மேம்பாலம் திறந்தார்கள். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்து, தெற்கே போகும் பஸ்கள் அங்கே போய்விட்டன. பாலம் வந்து இரண்டு வருடத்தில் கூட்டத்தின் பெரும்பகுதி இடம் மாறிவிட்டது! முடிச்சை அவிழ்க்க பாலம் கட்டுவதா, கூட்டத்தை நகர்த்துவதா என்று தனியாகவே ஒரு நாள் பேசலாம்.

நேரம் முடிகிறது என்று சைகை வந்துவிட்டது. பாடியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சி.டி.எச். ரோட்டு முடிச்சு அது. திருமங்கலத்திலிருந்து வருகிறவருக்கு அம்பத்தூர் இடப்பக்கம், சுற்றாமல் நேரடியாகவே இடது திரும்பலாம். வில்லிவாக்கம் வலப்பக்கம், கத்திப்பாராவில் சொன்ன அதே முறைதான், இடமாகச் சுற்றுங்கள். ஐந்தாவது முடிச்சு, ஜி.என்.டி. ரோடு, ரெட்டேரி தாண்டி மாதவரத்தில் இருக்கிறது. அங்கே போக இன்று நேரமில்லை. வணக்கம்.