வாராந்திரப் பராமரிப்பே வீட்டைக் காக்கும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சமூக மன்றத்தின் இந்த அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வீட்டைக் காப்பது தீபாவளிக்கு முந்தைய பெருந்துப்புரவா, வாரந்தோறும் செய்யும் சிறு பராமரிப்பா என்பது இன்றைய கேள்வி. எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். அலமாரியை நகர்த்தினால்தான் மூலைமுடுக்கு வெளிச்சம் பார்க்கும் என்றார். பழைய கறை வீரியமான ரசாயனத்துக்குத்தான் அசையும் என்றார். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் வாரந்தோறும் நேரம் ஏது என்று கேட்டார்.

முதல் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். அலமாரியை ஆண்டுக்கு ஒருமுறை நகர்த்தத்தான் வேண்டும். ஆனால் அதன் பின்னால் பூசணம் படர்ந்தது நகர்த்தாததால் அன்று. சுவரோடு ஒட்டி வைத்ததால். மழை அடிக்கும் வெளிச்சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டால் காற்று போய்வரும், சுவர் உலரும்.

நடுவர் அவர்களே, பனிக்காலம் முடிந்து சன்னலைத் திறக்கிற ஊர்களுக்கு ஆண்டுக்கொரு துப்புரவு பொருந்தும். நாம் இருக்கும் சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். நனைந்த துணியோ மரமோ 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூசணம் பிடிக்கத் தொடங்கும். தீபாவளி வருவது அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில். அது முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை. நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று ஆண்டிலேயே ஈரம் கூடிய மாதங்கள். துப்புரவு மழைக்கு முன்னால் முடிந்துவிடுகிறது, பூசணம் மழையோடு வருகிறது. அடுத்த துப்புரவுக்கு அது பத்து மாதம் காத்திருக்குமா?

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். அடுப்படியைப் பாருங்கள். முறுக்கு பொரித்த அன்று அடுப்புக்கு மேலிருந்து புகையை உறிஞ்சும் ஹூட்டின் வலையில் படிவது வெறும் எண்ணெய். வலையைக் கழற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு தேக்கரண்டி, பதினைந்து நிமிட ஊறல், பழைய பல்துலக்கி. அவ்வளவில் போய்விடும். அதே எண்ணெய் மாதக்கணக்கில் சூட்டிலும் காற்றிலும் கிடந்தால் ஆக்சிஜனோடு சேர்ந்து அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. வார்னிஷ் பூசியதுபோல் மஞ்சளாக இறுகிவிடும், சோப்புக்குக் கரையாது. அப்போதுதான் எதிரணி சொல்லும் வீரியமான ரசாயனம், அதாவது அமிலத்துக்கு எதிரான காரம், வருகிறது. வலை அலுமினியமாக இருந்தால் காரம் பிசுக்கோடு உலோகத்தையும் தின்னும். வலை கறுத்துப் போகும். பழைய கறைக்கு மருந்து தேடுகிறீர்களே, அந்தக் கறையைப் பழையதாக்கியது யார் என்று கேட்கிறேன்.

நம் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் பித்தளை விளக்கைத் துலக்குவதும் இந்தக் கணக்கில்தான். ஒரு வாரக் கறைக்கு நெல்லிக்காய் அளவு புளியும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். புளியின் அமிலம் கறையைக் கரைக்கும், கழுவியதும் ஈரம் போகத் துடைத்தால் பச்சை பூக்காது.

குளியலறையில்தான் இந்த வீரிய ரசாயனம் பெரிய இழப்பைக் கொண்டுவருகிறது. ஓடுகளுக்கு இடையே அடைத்திருக்கும் பூச்சு சிமெண்டால் ஆனது. ஆண்டுக்கு ஒருமுறை அமிலக் கழுவியை ஊற்றித் தேய்த்தால் தரை பளிச்சென்று ஆகும். கூடவே அந்தச் சிமெண்டும் கரையும். பூச்சு உதிர்ந்த இடத்தில் நீர் கீழே இறங்கும். நீர்த்தடுப்புப் படலமும் தேய்ந்திருந்தால் கீழ்வீட்டுக் கூரையில் கசிவு தெரியும். பழுதுபார்ப்புச் செலவில் பாதியை வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நல்லெண்ணத் திட்டம் ஏற்கிறது; மீதியை மேல்வீடும் கீழ்வீடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பணம் ஒருபுறம் இருக்கட்டும், அண்டைவீட்டு உறவு என்ன ஆகும்? இதைத் தவிர்க்கத் தேவையானது எளிது. கடைசியாகக் குளிப்பவர் ரப்பர் துடைப்பானால் நீரை வழித்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை மென்மையான சோப்பு. பூச்சு உதிர்ந்த இடம் கண்ணில் பட்டால் சுரண்டி, உலரவைத்து, அந்த மாதமே புதுப்பூச்சு. கைகழுவும் தொட்டியோரத்து சிலிக்கோன் கறுத்துவிட்டால் ப்ளீச் மேல்பரப்பை வெளுக்கும், உள்ளே ஊடுருவிய பூசணம் திரும்பி வரும். அதை வெட்டியெடுத்து, நன்றாகக் காயவிட்டு, பூசணத் தடுப்பு உள்ள சிலிக்கோனை இட்டு 24 மணி நேரம் நீர் படாமல் காப்பதுதான் சரியான வழி.

இன்னொரு ஆபத்தையும் இந்த அரங்கில் சொல்லியே ஆகவேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கும் அவசரத்தில், கதவு சாத்திய கழிவறைக்குள் ப்ளீச்சும் அமிலக் கழுவியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றப்படுகின்றன. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. ப்ளீச் வினிகரோடு சேர்ந்தாலும் அதுவே. அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு. இவை நுரையீரலைத் தாக்கும். தரையைக் கிருமிநீக்க, கடையில் விற்கும் ஐந்து விழுக்காட்டு ப்ளீச்சில் 20 மில்லிலிட்டர், ஒரு லிட்டர் குளிர்ந்த நீர், பத்து நிமிடம் போதும். கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும். மறுநாளைக்கு வீரியம் குறைந்துவிடும்.

ஏர்கானுக்கு வருவோம். அதன் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். சுவிட்சை அணைத்து, முன்மூடியைத் தூக்கி, வடிகட்டியை உருவுங்கள். தூசி படிந்த முகத்தின்மேல் நேராகத் தண்ணீரை அடித்தால் தூசி கண்ணிகளுக்குள் இறுகும். பின்பக்கத்திலிருந்து அடித்தால் உதிர்ந்து விழும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் சட்டம் வளைந்துவிடும். பத்து நிமிட வேலை. விட்டுவிட்டால் என்ன நடக்கும்? காற்றோட்டம் குறைந்து உள்ளே குளிர்விக்கும் குழாய்ச் சுருளில் பனி உறையும், அது உருகி வழியும். வடிதட்டில் பாசிபோன்ற கொழகொழப்புச் சேர்ந்து குழாயை அடைக்கும். நள்ளிரவில் கட்டில்மேல் நீர் சொட்டும்போது தீபாவளி எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மின்பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபியின், அதாவது மின்கசிவுத் துண்டிப்பானின், சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரை உடனே அழையுங்கள். மின்கசிவு வரும்போது உயிரைக் காக்க வேண்டிய கருவி அது.

அடுத்து சன்னல். இதை நான் கவலையோடு சொல்கிறேன். பெருந்துப்புரவு என்றால் முதலில் வெளிப்பக்கக் கண்ணாடி. அதைத் துடைக்க மாடியில் வெளியே எட்டி நிற்பது யார்? பெரும்பாலும் இல்லப் பணிப்பெண். தரைத்தளமும் பொது நடைபாதையை ஒட்டிய சன்னலும் தவிர, மற்ற இடங்களில் கம்பிக்கதவு பூட்டியிருந்து, முதலாளி தரப்பில் ஒருவர் அருகில் நின்று மேற்பார்வையிட்டால்தான் அந்த வேலையைக் கொடுக்கலாம் என்று மனிதவள அமைச்சு 2012ஆம் ஆண்டிலேயே விதித்துவிட்டது. விருந்தினர் வருவதற்குள் முடிக்கும் பரபரப்பில் முதலில் மறக்கப்படுவது இந்த விதிதான். ஆண்டு முழுவதும் உள்ளே நின்றபடி கைக்கு எட்டும் அளவுக்குத் துடைத்துவந்தால் வெளியே தொங்கவேண்டிய அவசியமே குறையும்.

சன்னலே விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு. வெளிப்பக்கம் திறக்கும் சன்னலின் அலுமினிய ரிவெட்டுகள் அரித்துப் போகும் என்பதால் அவற்றைத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளாக மாற்றச் சொல்லும் சட்டம் 2004 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. மாற்றாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். நகர்த்தும் சன்னலென்றால் தடத்தில் மண் சேரக்கூடாது. சன்னல் தடத்தைவிட்டுக் கழன்று விழாமல் தடுக்க இரு முனையிலும் தடுப்புக்கட்டை, மேலே கோணப்பட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது இந்தச் சோதனை தேவை. ஒருமுறை போதும் என்கிறது எதிரணி.

மூன்றாவது வாதம், நேரம். சனிக்கிழமைக் காலை முக்கால் மணி நேரம் கேட்கிறேன். ஒரு வாரம் ஹூட் வலை, மறுவாரம் ஏர்கான் வடிகட்டி. எல்லா வாரமும் தரை வடிகாலின் மூடியைக் கழற்றி முடியையும் சோப்புக் கசடையும் எடுப்பது. பயன்படுத்தாத குளியலறை வடிகாலில் ஒரு குவளை நீர் ஊற்றுவது. உள்ளே நிற்கும் நீர் வற்றினால் சாக்கடை வாடையும் கரப்பானும் அவ்வழியே ஏறிவரும். மீதி நேரம் வாளிகளுக்கும் பூந்தொட்டிகளுக்கும்.

நடுவர் அவர்களே, அந்தப் பூந்தொட்டிக்கு அருகில் நிறுத்திக்கொள்கிறேன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ ஏழு நாள் போதும். தொட்டித் தட்டில், பூச்சாடியில், துணி காயப்போடும் மூங்கில் கழிக்கான குழாயில் தேங்கும் கொஞ்சம் நீரே அதற்குப் போதும். நீரைக் கொட்டினாலும் முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும், குழாய்க்கு மூடி போடவேண்டும். அடுத்து மேடையேறும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கணக்குக் கேட்கிறேன். ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் இடையே ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏழு நாட்கள் இருக்கின்றன. அவற்றில் எந்த ஏழு நாளில் அந்தத் தட்டைக் கவிழ்க்காமல் விடலாம்?