ஆடி மாதத்துச் சங்கம்

(நாகசுர, தவில் கலைஞர்கள் சங்கம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வித்வான்களே, தாய்மார்களே, புதிதாகப் பொறுப்பேற்கும் நிர்வாகிகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. சங்கத்தின் கணக்கு நோட்டைச் சில காலம் எழுதினேன், அந்த உரிமையில்தான் மேடையேறியிருக்கிறேன்.

நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி நாம் விடிய விடியப் பேசுவோம். பேசத்தான் வேண்டும். ஆனால் சங்கம் நடத்துவது வேறு வேலை. தையும் வைகாசியும் ஆவணியும் வந்துவிட்டால் உங்களில் யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. ஆடி பிறந்தால் கல்யாணம் இல்லை. அம்மன் கோயில் மேளம் கிடைத்தவருக்கு வருமானம் உண்டு, மற்றவர் பாடு திண்டாட்டம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் அதையொட்டித்தான் வருகிறது. உறுப்பினருக்குச் சங்கத்தின் நினைப்பு வருவது அப்போதுதான். 2020 பங்குனியில் ஊரடங்கு வந்து, சித்திரைத் திருவிழாவும் வைகாசி முகூர்த்தமும் கைவிட்டுப் போனபோது வருஷமே ஆடியானது. அந்த நாட்களில் அரிசியும் மருந்தும் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன என்பதை வைத்துத்தான் நான் ஒரு சங்கத்தை எடைபோடுவேன்.

மேள செட்டில் முதல் நாகசுரக்காரர் அட்வான்ஸ் வாங்குகிறார், பேர் அவருக்கு. தாளம் போடுகிறவருக்குக் கடைசியில் என்ன கிடைக்கிறது என்று கேட்க ஆள் வேண்டும். செயலாளர் கேட்கலாம். மனக்கசப்பு வரும், வரட்டும்.

அப்புறம் விண்ணப்பங்கள். இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு நிதியுதவி தருகிறது. ஆனால் ஐம்பது வருஷம் வாசித்த பெரியவரிடம் தான் கலைஞர் என்று காட்ட ஒரு காகிதம் இருக்காது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் படம் எடுப்பார்கள், மேளக்காரரை யார் எடுக்கிறார்கள்? ஆகவே திருவிழா நோட்டீஸ், புகைப்படம், ஆதார் நகல் இவற்றை ஒவ்வொரு உறுப்பினர் பேரிலும் ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். மேடையில் பொன்னாடை போடுவதைவிட இந்த ஃபைலைப் பெரிதாக நினைக்கிற செயலாளரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாகசுரத்தின் முனையில் செருகி ஊதுகிற நாணல் சீவாளியை உதடு பிடிக்கிறது, அந்த உதட்டுக்குப் பின்பலம் முன்பல். அது ஆடினால் சுருதி ஆடும். பல் விழுந்த பிறகு வீட்டோடு இருந்துவிட்ட வித்வான்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண் சிகிச்சை முகாம் எல்லா ஊரிலும் நடக்கிறது. நம் சங்கம் பல் மருத்துவரை அழைக்கட்டும். கட்டிய பல்லோடு வாசித்துப் பழக நாளாகும், அதுவரை அந்தக் குடும்பத்துக்கும் கை கொடுக்க வேண்டும்.

நாகசுரத்தின் கழுத்தில் கயிறு கட்டிச் சீவாளிகளைத் தொங்கவிட்டிருப்பீர்கள். வாசிப்பின் நடுவில் ஒன்று ஒத்துழைக்காவிட்டால் கை தானாக அடுத்ததற்குப் போகும். அந்த நாணல் தட்டையை வெட்டி, காயவைத்து, பதம் பார்த்துக் கட்டுகிற குடும்பங்கள் திருவாவடுதுறையில் இருக்கின்றன. பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை. பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்கி அங்கே நாகசுரம் கடைகிறார்கள். சுத்த மத்தியமம் என்ற சுரம் சுத்தமாகப் பேசும் பாரி என்கிற நீள நாகசுரத்தை ராஜரத்தினம் பிள்ளைக்காகச் செய்த ரங்கநாதன் ஆசாரி அந்த ஊர்க்காரர். 2022இல் அந்த நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் ஆசாரியும் சீவாளி கட்டுகிறவரும் நம் உறுப்பினர் பட்டியலில் இல்லையே! விதியில் இடமில்லை என்றால் விதியைத் திருத்துங்கள். அவர்கள் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டால் நீங்கள் எதை வாயில் வைத்து ஊதுவீர்கள்?

சேர்க்கையில் சாதி, மதம், ஆண், பெண் பார்க்காதீர்கள். ஷேக் சின்ன மௌலானா நாச்சியார்கோவிலில் நாகசுரம் கற்றுக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர். மதுரை பொன்னுத்தாய் ஆண்களுக்கு நடுவே வாசித்துப் பேர் வாங்கியவர். அவர்கள் வாசித்த வாத்தியத்தின் பேரில் நடக்கும் சங்கம் இது.

கடைசியாக ஒரு தீர்மானம். சந்தாவை வைகாசிக்குள் ரசீது போட்டு வசூலிப்பது, அதில் பாதியை ஆடி, மார்கழி உதவிக்கென்று தனி வங்கிக் கணக்கில் வைப்பது, வரவு செலவை ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்கப் படிப்பது. இதை முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள் எழுந்து பேரைச் சொல்லுங்கள், செயலாளர் எழுதிக்கொள்ளட்டும்.