புறப்பட்ட நேரம்

(காவலர் வீரவணக்க நாளையொட்டி வேலூரில் ஒரு பள்ளி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காவலர் குடும்பத்துத் தாய்மார்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் வீரத்தைப் பற்றி நிறைவாகப் பேசிவிட்டார்கள். நான் காவல் துறையில் பணிபுரிந்தவன் அல்லன், பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆனால் என் தந்தையார் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் தலைமைக் காவலராக இருந்தவர். அதிலும் பல ஆண்டுகள் ஸ்டேஷன் ரைட்டராக, அதாவது நிலையத்துப் பதிவேடுகளை எழுதுபவராக இருந்தவர். ஆகையால் துப்பாக்கியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லாவிட்டாலும், ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது. பொது நாட்குறிப்பு என்பது அதன் பெயர்; நிலையத்தில் இருப்பவர்கள் ஜி.டி. என்று சொல்வார்கள். நாள் பிறந்ததிலிருந்து நாள் முடியும்வரை நிலையத்தில் நடப்பதெல்லாம் நேரவரிசையில் அதில் ஏற வேண்டும். யார் பாராவுக்கு நின்றார், யார் மாற்றினார், யார் எத்தனை மணிக்கு எந்த அலுவலாக வெளியே போனார், எப்போது திரும்பினார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. இடையில் வெற்றிடம் விடக்கூடாது. பிழை வந்தால் சுரண்டக்கூடாது. அடித்தது தெரியும்படி அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். என் தந்தையார் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். கடைத்தெருவுக்குப் போய் வந்தால்கூட, 'புறப்பாடு 5.10, வருகை 6.05' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். அதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம்.

பணியில் உயிர்நீத்த ஒரு காவலரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புத்தகம்தான் கண்முன் வரும். எங்கோ ஒரு நிலையத்தில், ஏதோ ஒரு பக்கத்தில், அவர் புறப்பட்டதற்கு ஒரு வரி இருக்கும். திரும்பி வந்ததற்கு வரி இருக்காது.

இன்றைய நாளே அப்படிப் பிறந்த நாள்தான். 1959 அக்டோபர் 20 அன்று, லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்திலிருந்து மூன்று சுற்றுக்காவல் குழுக்கள் புறப்பட்டன. இரண்டு குழுக்கள் திரும்பிவிட்டன. இரண்டு காவலர்களும் ஒரு சுமையாளுமாகப் போன மூன்றாவது குழு திரும்பவில்லை. மறுநாள் காலை கரம் சிங் என்னும் அதிகாரியின் தலைமையில் ஏறத்தாழ 20 பேர் அவர்களைத் தேடிப் போனார்கள். குன்றின்மேல் இருந்த சீனப் படையினர் சுட்டதில் 10 காவலர்கள் அங்கேயே மாண்டார்கள். அவர்களுடைய உடல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தது நவம்பர் 13ஆம் தேதி. அவர்கள் எல்லையைக் காக்க நின்றபோது செத்தார்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம், அது தவறில்லை. ஆனால் அன்று காலை அவர்கள் போன அலுவல் அதைவிட எளியது. போனவன் வரவில்லை, போய்ப் பார்த்து வருவோம் என்று போனார்கள். இந்த ஒரு செய்தியை நீக்கிவிட்டு அவர்களுக்கு மலர்வளையம் வைத்தால், அது யாருக்கு வேண்டுமானாலும் வைக்கக்கூடிய மலர்வளையமாகிவிடுகிறது.

2018 அக்டோபர் 21 அன்று டெல்லி சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவகம் திறந்துவைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் பணியில் உயிரிழந்த 34,000க்கும் மேற்பட்ட காவலர்களின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. பெரிய காரியம் அது. குறை சொல்ல நான் வரவில்லை. ஆயினும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்க முடியும்? பெற்றவளால் முடியும், கட்டியவளால் முடியும், பிள்ளைகளால் ஓரளவு முடியும். நம்மைப் போன்ற மற்றவர்களுக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தபோது போனார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. செங்கம் வட்டாரத்தில் எத்தனை நடுகற்கள் கிடைத்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அவை திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தாலும் 1989 வரை அது வட ஆற்காடுதான், உரிமையோடு சொல்கிறேன். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல்லெடுப்பதற்கே ஆறு படி வகுத்து வைத்த மரபு நம்முடையது. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் நீராட்டுவதிலும் அவ்வளவு கவனம் காட்டியவர்கள், அதில் என்ன எழுதுவது என்பதில் இன்னும் கறாராக இருந்தார்கள். எந்த மன்னனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, இறந்தவன் யாருடைய சேவகன், அவன் பெயர் என்ன, தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கப் போனானா, ஊரைக் காக்க நின்றானா என்று வரிசையாகச் சொல்லி, 'பட்டான்', அதாவது இறந்தான், என்று முடிப்பார்கள். புகழ்ச்சி பெரும்பாலும் இருக்காது. இவை கல்லில் எழுதிய ஜி.டி. என்று என் தந்தையார் ஒருமுறை சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார், எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

அவற்றுள் எடுத்தனூர்க் கல்லை மட்டும் சற்று நின்று பார்ப்போம். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் பட்டான் என்கிறது கல்வெட்டு. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்கும் தனியாக ஒரு வரி உண்டு. கோவிவன் என்னும் நாய் 'கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு' என்று அந்த வரி சொல்கிறது. நாயின் பெயரைக்கூட விடாமல் எழுதியவன், அது செய்த வேலையையும் எழுதினான். அரசன் பெயருக்கு அடுத்தபடியாக அந்தக் கல்லில் நம் மனத்தில் தங்குவது நாயின் பெயர்தான் என்றால், அதற்குக் காரணம் அந்த வேலைதான். அது கடித்தது, பிறகு போகாமல் காத்திருந்தது.

நம் காலத்துக்கு வருகிறேன். 1980 ஆகஸ்ட் 6ஆம் தேதி திருப்பத்தூர்ப் பகுதியில் காவல் ஆய்வாளர் பழனிச்சாமியும் உடன் சென்ற காவலர்களும் கொல்லப்பட்டார்கள். தேடப்பட்டுவந்த நக்சல்பாரி இயக்கத்தாரைப் பிடித்துக் காரில் கொண்டுவரும்போது குண்டு வெடித்தது. அப்போது திருப்பத்தூர் வட ஆற்காட்டில் இருந்தது; 1989இல் மாவட்டம் பிரிந்தது; 2019இல் வேலூர் மாவட்டமும் மூன்றாகப் பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. அவர்கள் எந்த மாவட்டத்தின் காவலர்களாக உயிர்விட்டார்களோ அந்தப் பெயரில் இன்று ஒரு மாவட்டமே இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் திருப்பத்தூரில் அவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது, துப்பாக்கிகள் முழங்குகின்றன, உயர் அதிகாரிகள் வருகிறார்கள்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லாமல் விட்டால் நான் வாத்தியாராக இருந்ததற்குப் பொருளில்லை. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த அந்தக் காலத்தில், காவல் அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் வட ஆற்காடு, தருமபுரி மாவட்டங்களில் பெரும் தேடுதல் வேட்டை தொடங்கிற்று. கொல்லப்பட்ட ஆய்வாளரின் சிறு பெண் குழந்தையின் பெயரையே அந்த நடவடிக்கைக்குச் சூட்டினார்கள். அதில் இயக்கத்து இளைஞர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த மோதல்களைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் அப்போதே கேள்வி எழுப்பின. இறந்தவர் மேல் இருந்த பாசத்தால்தான் அந்தப் பெயர் வைக்கப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும், ஒரு குழந்தையின் பெயரை அதற்கு எடுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்த ஆய்வாளரின் புறப்பாட்டு வரியில் இருந்தது ஒரு கைது. பிடித்து, உயிரோடு கொண்டுவந்து, நிலையத்தில் ஒப்படைப்பது. அவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது பட்டார். பின்னால் மற்றவர்கள் செய்தவற்றுக்கு, புகழானாலும் பழியானாலும், அவரைப் பொறுப்பாக்குவது அவருடைய பக்கத்தில் வேறொருவர் வரியைச் செருகுவதுபோல் ஆகும்.

செருகுவது என்று சொன்னேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. எந்தத் தூணிலும் இல்லாத ஒருவரைப் பற்றி இனிச் சொல்லப் போகிறேன்.

நாங்கள் சென்னை–பெங்களூரு சாலையோரத்து ஊர் ஒன்றில் போலீஸ் லைனில் குடியிருந்தோம். ஒட்டுச்சுவர் வீடுகள், இந்த வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அடுத்த வீட்டுக் காவலர் என் தந்தையாரைவிட வயதில் இளையவர். காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பதில் அவருக்கு இணை கிடையாது. கரிப்பெட்டியை ஊதி ஊதி அவர் தேய்க்கும்போது நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம். ஓர் இரவு, பணி முடிந்து வீட்டில் படுத்திருந்தவரை நிலையத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. சாலையில் வண்டிச் சோதனைக்கு ஆள் போதவில்லை என்று வாய்மொழி உத்தரவு. அவர் நிலையத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து நேராகச் சாலைக்குப் போனார். கையில் ஒரு டார்ச் விளக்கு. விடியுமுன் ஒரு லாரி அவரை அடித்துவிட்டுப் போயிற்று.

அவர் புறப்பட்டது ஜி.டி.யில் ஏறவில்லை. அன்றிரவு என் தந்தையார் பணியில் இல்லை, இருந்தவர் எழுதவில்லை. பணியில் இருந்தபோது இறந்தவருக்கு ஒரு கணக்கு, மற்றபடி இறந்தவருக்கு வேறு கணக்கு. கோப்பு போன அலுவலகத்திலிருந்து, சம்பவ நேரத்தில் அவர் பணியில் இருந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்தது. ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள் ரைட்டர், யாருக்குத் தெரியப் போகிறது என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த அம்மாளே வந்து கேட்டார். என் தந்தையார் எழுதவில்லை. இன்று நல்லதுக்கு ஒரு வரியைச் செருகினால் நாளைக்கு எதற்கும் செருகலாம் என்பது அவர் நியாயம். அதற்குப் பதிலாக மனு மேல் மனு எழுதினார். உத்தரவு கொண்டுபோன ஆளிடம் வாக்குமூலம் வாங்கினார். நள்ளிரவில் சீருடையோடு அவருக்கு டீ கொடுத்த கடைக்காரரைச் சாட்சியாகப் பிடித்தார். காரியம் முடிய நீண்ட காலம் ஆயிற்று. அதற்குள் அந்த அம்மாள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு, டிரங்குப் பெட்டியும் அந்தத் தேய்ப்புப் பெட்டியுமாகத் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லை. என் தந்தையார் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த அம்மாள் சொல்லிக்கொள்ளாமல் போனதும் சரிதான்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள், என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, காட்பாடிக்கு அப்பால் அந்த அம்மாள் இருந்த ஊருக்கு என் தந்தையார் போனார். சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று வைத்திருந்தார். ஜி.டி.யில் ஏறாமல் போன அந்த வரியை, அதற்குரிய முறைப்படி, தேதியோடும் நேரத்தோடும் காவலர் எண்ணோடும் தனித்தாளில் எழுதியிருந்தார். எந்த அலுவலகத்துக்கும் அது செல்லாது. அது அவருக்கும் தெரியும். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னார்கள்.

'இரவு 11.45 மணிக்கு, வாய்மொழி உத்தரவின்பேரில், வாகனத் தணிக்கை அலுவலாகப் புறப்பாடு' என்று நான் படித்தேன்.

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "நேரம் தப்புங்க ரைட்டரய்யா" என்றார். "ரெண்டாவது ஆட்டம் விட்டு ஜனங்க பேசிக்கினு போனாங்க. அதுக்கு அப்பாலதான் ஆளு வந்து கதவத் தட்டுச்சி. எழுந்து குடத்துல தண்ணி மொண்டு குடிச்சிட்டுப் போனாரு."

என் தந்தையார் தாளை வாங்கி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். 11.45 என்பதை ஒரே கோட்டில், அடித்தது தெரியும்படி அடித்தார். மேலே 1.10 என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, அந்த அம்மாளிடம் கொடுத்தார்.