மரம் வாங்கப் போன கப்பல்

(கடலூர் முதுநகரில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே; வேறு நிகழ்ச்சிகளை ஒதுக்கிவைத்துவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே; மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த அரிசி மண்டி முதலாளி ஐயா அவர்களே; வரவேற்புரையில் என்னைப் பற்றி எனக்கே தெரியாத பல சிறப்புகளைச் சொல்லி, நான் பேசவேண்டிய நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட தம்பி அவர்களே; பின்னால் கைகட்டி நிற்கும், மரப்படகு கட்டும் முதுநகர் ஓடாவிமார்களே! உங்களுக்கு முன்னால் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வந்து உட்காருங்கள். இன்றைய பேச்சே உங்களைப் பற்றியதுதான். நீங்கள் நின்றுகொண்டிருந்தால் எனக்கு வாய் வராது.

சரி. இன்றைக்கு மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, 'ரெசல்யூஷன்' என்ற கப்பலின் கதை. இரண்டு, அதில் ஏற்றிப்போன கடிகாரமும், மாலுமிகளின் உடம்பைக் காத்த சாப்பாடும். மூன்று, கப்பலுக்கும் தச்சனுக்கும் உள்ள உறவு. இடையிடையே என் பழமொழி வரும். என் கூட்டங்களுக்கு வந்து பழகியவர்களுக்கு அது தெரியும்: கப்பல் ஏறிப் பட்ட கடன் கொட்டை நூற்றால் தீருமா? கொட்டை நூற்பது என்றால் பஞ்சை நூலாக நூற்பது.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் விட்பி என்று ஓர் ஊர். நிலக்கரி ஏற்றும் கப்பல் கட்டுவதில் பேர்போன ஊர். ஃபிஷ்பர்ன் என்பவருடைய பட்டறையில் 1770இல் ஒரு கரிக்கப்பல் கடலில் இறங்கியது. அப்போது அதன் பெயர் 'மார்க்விஸ் ஆஃப் கிரான்பி'. அடுத்த ஆண்டே ஆங்கிலேயக் கடற்படை அதை 4,151 பவுண்டுக்கு வாங்கியது. முதலில் 'டிரேக்' என்று பெயர் வைத்தார்கள். டிரேக் என்றாலே ஸ்பெயின்காரர்களுக்கு ஆகாது; அந்தக் காலத்தில் அவர்களைக் கொள்ளையடித்த ஆள். எதற்கு வம்பு என்று 'ரெசல்யூஷன்' என்று மாற்றினார்கள். 462 டன். தலைவர் கேப்டன் ஜேம்ஸ் குக்.

கடற்படையில் எத்தனையோ போர்க்கப்பல் இருக்க, உலகம் சுற்ற ஏன் கரிக்கப்பல்? அடிப்பாகம் தட்டை, வயிறு பெரிது. வருஷக்கணக்கில் சாப்பாடு ஏற்றலாம். பழுதானால் ஏதாவது ஒரு மணல்கரையில் ஏற்றிச் சாய்த்துவைத்து, தச்சர்கள் அடியைப் பார்க்கலாம். குக் தாமே கேட்டு வாங்கிய ரகம் அது. 'உருவு கண்டு எள்ளாமை வேண்டும்' என்ற குறளை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் புத்தி அவருக்கு இருந்தது.

இங்கே ஒரு கதை சொல்லவேண்டும். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை, ஐயா பொறுத்துக்கொள்வார்.

ஜோசஃப் பேங்க்ஸ் என்று ஒரு பெரும் பணக்காரர். செடிகொடி ஆராய்ச்சியில் நிஜமாகவே கெட்டிக்காரர். குக்கின் முதல் பயணத்தில் கூடப் போய்ப் புகழோடு திரும்பியவர். இரண்டாம் பயணத்துக்கும் வருகிறேன் என்றார். தனியாகவா? ஓவியர், மருத்துவர், உதவியாளர், வேலைக்காரர் என்று ஒரு பட்டாளம். அதில் கொம்பு வாசிப்பவர்கள் இரண்டு பேர். தென்துருவப் பனிக்கடலுக்குப் போகிற கப்பலில் சாப்பிடும்போது கேட்க இசை வேண்டும் அல்லவா! இத்தனை பேருக்கும் கரிக்கப்பலில் இடம் ஏது? மேலே இன்னொரு தளம் போட்டார்கள். பெரிய அறை பேங்க்ஸுக்கு என்று ஆனது. அப்போது கேப்டனுக்கு? அதற்கும் மேலே பின்பக்கம் ஓர் அறை கட்டினார்கள். ஓட்டுவீட்டு அஸ்திவாரத்தின் மேல் இரண்டு மாடி எழுப்பின மாதிரி!

கப்பலைத் தேம்ஸ் ஆற்றில் இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். தள்ளாடுகிறது. வழிகாட்டி மாலுமி ஆற்றின் வாய்வரைக்கும்தான் வருவேன், அதற்கு மேல் இது கவிழும் என்று சொல்லிவிட்டார். சார்லஸ் கிளார்க் என்ற அதிகாரி பேங்க்ஸுக்கே கடிதம் எழுதினார். கட்டளையிட்டால் சாராயத் தொட்டியில் ஏறிக்கூடக் கடலுக்குப் போவேன், இந்தக் கப்பலிலும் வருவேன். ஆனால் இதைவிட ஆபத்தான கப்பலை நான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்று. பணம் போட்ட மனிதரிடமே இப்படிச் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். கிளார்க் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

தச்சர்கள் மேல்தளத்தைப் பிரித்து எறிந்தார்கள். பேங்க்ஸ் வந்து பார்த்தார். கப்பல்துறையில் நின்று பைத்தியம் பிடித்தவர்போலக் காலை உதைத்துக்கொண்டு திட்டினார் என்று, அப்போது கப்பலில் இருந்த ஓர் இளைஞர் எழுதிவைத்திருக்கிறார். கடைசியில் தம் ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு ஐஸ்லாந்துக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் ஃபார்ஸ்டர் என்ற ஜெர்மானியரும் அவர் மகனும் ஏறினார்கள்.

கதை இன்னும் முடியவில்லை. கப்பல் மடைரா தீவை அடைந்தபோது ஒரு செய்தி கிடைத்தது. பர்னெட் என்று ஓர் 'ஆண்', பேங்க்ஸுடன் சேர்ந்துகொள்வதற்காக அங்கே சுமார் மூன்று மாதம் காத்திருந்தாராம். பேங்க்ஸ் வரவில்லை என்று தெரிந்ததும், குக் வந்து சேர்வதற்குச் சில நாள் முன்னால் கிளம்பிப் போய்விட்டாராம். நடை, பாவனை எல்லாவற்றையும் வைத்து அவர் ஆண்வேடமிட்ட பெண்தான் என்று ஊர்க்காரர்கள் சொன்னதைக் குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். (சிரிப்பு) சிரியுங்கள், சிரியுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

1772 ஜூலையில் பிளிமத்திலிருந்து புறப்பட்டது. 1773 ஜனவரி 17இல் தென்துருவ வட்டத்தைத் தாண்டியது. அறிந்தவரை அதைத் தாண்டிய முதல் கப்பல் இதுதான். அடுத்த ஆண்டு ஜனவரியில் தென் அட்சரேகை 71 பாகை 10 நிமிடம் வரைக்கும் போய், பனிச்சுவர் மறிக்கத் திரும்பியது. அந்தக் கடலில் குடிதண்ணீருக்கு என்ன செய்தார்கள்? படகை இறக்கி, மிதக்கும் பனிக்கட்டியை அள்ளிவந்து மேல்தளத்தில் குவித்தார்கள். மேலே ஒட்டிய உப்புநீர் வடிந்த பிறகு செப்புக் கொப்பரையில் போட்டு உருக்கினார்கள். நல்ல தண்ணீர். 1775 ஜூலையில் ஊர் திரும்பியபோது மூன்று வருஷத்தில் இறந்தவர்கள் நாலே பேர், நோயால் ஒருவர். அந்தக் காலத்துக்கு அது நம்பமுடியாத கணக்கு. இது நான் சொன்ன இரண்டாவது விஷயம். ஹாரிசன் என்ற கடிகாரக்காரரின் கடிகாரத்தைப் பார்த்து கெண்டால் என்பவர் செய்த பிரதி இதில் போனது, கடலில் நெடுங்கோடு, அதாவது கப்பல் கிழக்கு மேற்கில் எங்கே இருக்கிறது என்று காண அது எப்படி உதவியது என்பதெல்லாம் விரிவாகப் பேசவேண்டும். அதை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். எனக்கு மூன்றாவதுதான் முக்கியம்.

ஊர் திரும்பிய கப்பலை டெப்ட்ஃபோர்ட் பட்டறையில் பழுதுபார்க்க விட்டார்கள். அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கியிருந்த நேரம், பட்டறையில் வேலை குவிந்து கிடந்தது. குக் தம் பயண நூலை எழுதுவதில் மூழ்கிவிட்டார். பட்டறைக்காரர்கள் பேருக்கு வேலை செய்து அனுப்பினார்கள். பலகை இடுக்குகளில் நாரை அடித்து இறுக்கித் தார் பூசுகிற வேலை இருக்கிறதே, நம் ஓடாவிகள் கலப்பத்து என்பார்கள், அதைச் சரியாகச் செய்யவில்லை. 1776 ஜூலையில் மூன்றாம் பயணம் தொடங்கியது. கடலுக்குப் போனதுமே கப்பல் ஒழுகியது. நன்னம்பிக்கை முனையில் நிறுத்தி மறுபடி இடுக்கு அடைக்கவேண்டியதாயிற்று. 1778இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில், நூட்கா என்ற இடத்தில் பார்த்தால் பாய்மரங்களிலேயே உளுப்பு. காட்டில் மரம் வெட்டிப் பின்பாய்மரத்தைப் புதிதாகச் செய்தார்கள், முன்பாய்மரத்தை ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள்.

1779 பிப்ரவரி 4. ஹவாயின் கியலகேகுவா விரிகுடாவிலிருந்து நல்லபடியாக விடைபெற்றுப் புறப்பட்டார்கள். நாலு நாளில் புயல். அந்த முன்பாய்மரம் விட்டுப்போனது. வேறு வழியில்லை, திரும்ப அதே விரிகுடா. மரத்தைப் பிடுங்கிக் கரையில் கிடத்தித் தச்சர்கள் பார்த்தார்கள். அடிப்பகுதியின் நடுவில் நாலைந்து தேங்காய் கொள்கிற அளவுக்கு ஓர் ஓட்டை! இது என் உவமை அல்ல, கூட இருந்த லெப்டினன்ட் கிங் எழுதியது. ஊர்க்காரர்களுக்கோ, போனவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள் என்ற மனக்கசப்பு. ஒரு படகு களவுபோயிற்று. அதை மீட்க மன்னரைப் பிணையாகப் பிடிக்கப்போனார் குக். பிப்ரவரி 14 காலை கரையிலேயே கொல்லப்பட்டார். அந்தச் சாவுக்கு அவருடைய கோபம், ஹவாய் மக்களின் ஆத்திரம் என்று பல காரணம் உண்டு. ஆனால் அந்த மரம் உளுக்காமல் இருந்திருந்தால் அவர் அன்று அந்தக் கரையிலேயே இல்லை. பட்டறையில் மிச்சம்பிடித்தது சில நாள் கூலி. கப்பல் ஏறிப் பட்ட கடன் கொட்டை நூற்றால் தீருமா?

பிறகு கப்பலை ஏற்று நடத்தியவர், சாராயத் தொட்டி கிளார்க்! அவரும் அந்த ஆகஸ்டில் கம்சட்கா அருகே காசநோயில் போய்ச்சேர்ந்தார். 1780 அக்டோபரில் கப்பல் ஊர் வந்தது.

இனிதான் நம் கரைக்கு வருகிறது. புகழ்பெற்ற கப்பலைக் காட்சிக்கு வைத்தார்களா? இல்லை. சாமான் ஏற்றும் ஆயுதக் கப்பலாக மாற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். 1782 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானின் படை அதைப் பிடித்துக்கொண்டது. அந்த ஏப்ரலிலேயே கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்தது. ஜூலை 6இல் நாகப்பட்டினம் கடலில் சுஃப்ரானுக்கும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸுக்கும் சண்டை. பாய்மரங்கள் நொறுங்கின, கயிறுகள் அறுந்தன. சுஃப்ரான் கடலூருக்கு வந்து ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். கிட்டத்தில் ஒழுங்கான கப்பல் பட்டறை இல்லை, மாற்று மரம் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? மரமும் கயிறும் ரொட்டியும் வாங்கிவரச் சொல்லி ஜூலை 22இல் 'ரெசல்யூஷ'னை மணிலாவுக்கு அனுப்பினார். உளுத்த மரத்தால் தன் கேப்டனைப் பறிகொடுத்த கப்பல், அடுத்தவன் கப்பல்களுக்கு மரம் வாங்கப் போனது. திரும்பவில்லை. மறு ஆண்டு ஜூனில், அது மூழ்கியிருக்கும் அல்லது எதிரி கையில் சிக்கியிருக்கும் என்று சுஃப்ரான் கவலைப்பட்டிருக்கிறார். அதன் பிறகு உறுதியான தடயம் இல்லை.

அம்மா அவர்களே, நகர்மன்றத்தில் இதைச் சொல்லுங்கள். மரக்கப்பலின் உயிர் தச்சன் கையில். இந்த முதுநகரில் ஏரா என்கிற அடிமரம் வைத்த நாள் முதல் கடலில் இறக்கும் நாள் வரை தாளில் வரைபடம் இல்லாமல் மரப்படகு கட்டத் தெரிந்தவர்கள் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபைபர் படகும் இரும்புப் படகும் வந்தபின் வேலை குறைந்தது. பிள்ளைகள் உளியைத் தொடுவதில்லை. ஒரு பயிற்சிப் பட்டறை வையுங்கள், கற்றுக்கொள்ளும் பையன்களுக்கு மாத உதவித்தொகை கொடுங்கள், பெரியவர்களை ஆசிரியர்களாக்கிச் சம்பளம் கொடுங்கள், அவர்கள் கணக்கை எழுதியும் படம்பிடித்தும் வையுங்கள் என்று நாங்கள் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். ஓர் அலுவலகத்தில், இது மீன்வளமா, கைவினையா, கல்வியா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இன்னோர் இடத்தில் ரொம்ப மரியாதையாக, விழாவில் மூத்த ஓடாவி ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தலாமே என்றார்கள். பொன்னாடை நூலில் நெய்ததுதானே? அதனால்தான் கேட்கிறேன், கப்பல் ஏறிப் பட்ட கடன் கொட்டை நூற்றால் தீருமா?

எனக்கும் இன்று ஒரு பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. அடுத்த முறை அந்தக் காசுக்கு ஓர் உளி வாங்கிக் கொடுங்கள். வாசலில் கல்லூரித் தங்கை ஒருவர் மனுத்தாளோடு நிற்கிறார். பெயர், தெரு, கையெழுத்து, மூன்றும் போடுங்கள். கைபேசி எண் வேண்டாம். ஓடாவிமார்கள் முதலில் போடட்டும். நன்றியுரை சொல்ல வேண்டியவர் எழுந்து நின்றுவிட்டார், நான் உட்காருகிறேன். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுண்டலுக்குப் போங்கள், சுண்டலுக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை.