பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டு வாசல் வரை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். குன்னூரில் 31 வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான். நடை, பஸ், சைக்கிள் மூன்றையும் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நடையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

குன்னூரில் பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், மார்க்கெட் எல்லாம் கீழே. பெட்ஃபோர்டும் சிம்ஸ் பூங்காவும் மேலே. ரோடு வளைந்து வளைந்து போகிறது. காய்கறிப் பையோடு வருகிற நாம் அந்த வளைவையெல்லாம் சுற்றுவதில்லை. இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே, தேயிலைச் செடி ஓரமாக ஏறும் படிக்கட்டில் போய்விடுகிறோம். அதற்குக் குறுக்கு வழி என்று பேர் வைத்திருக்கிறோம். எனக்கு அந்தப் பேரே பிடிக்காது. நடக்கிறவருக்கு அதுதான் ரோடு.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருஷமும் ஒரு வேலை கொடுப்பேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை எத்தனை படி என்று எண்ணிக்கொண்டு வர வேண்டும். ஒரு பெண் எழுந்து, “ஏறும்போது 212 டீச்சர், இறங்கும்போது 210” என்றாள். வகுப்பே சிரித்தது. மறுபடி எண்ணிப் பார் என்றேன். அடுத்த நாளும் அதே கணக்கு. சாயங்காலம் அவளோடு நானே போனேன். பாதி ஏற்றத்தில் இரண்டு கல் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. ஏறும்போது கையை ஊன்றி அவற்றின் மேல் கால் வைக்கிறாள். இறங்கும்போது பயந்து, அந்த இரண்டையும் ஒரே தாவாகத் தாண்டிவிடுகிறாள். கைப்பிடிக் குழாய் சரியாக அந்த இடத்தில்தான் துருப்பிடித்து முறிந்திருந்தது. அவள் பாட்டி ஐப்பசி மழை தொடங்கினால் மார்க்கெட்டுக்கு வருவதையே விட்டுவிடுவாராம்.

அந்தக் கணக்கை வைத்தே மறுநாள் பாடம் நடத்தினேன். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால், 212 படிக்கு ஏறக்குறைய 32 மீட்டர் உயரம். 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் ரோட்டில் அதே உயரத்துக்குப் போக 600 மீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். 1899-லேயே குன்னூருக்கு வந்த நம் மலை ரயில், செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு ஓர் அடி ஏறுவதற்கே, தண்டவாளத்துக்கு நடுவிலிருக்கும் பல் பட்டையைப் பல்சக்கரத்தால் பிடித்துக்கொள்கிறது. படிக்கட்டோ இரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. அதில் தினமும் ஏறுகிற முழங்காலுக்குக் கைப்பிடியாவது வேண்டாமா?

அப்புறம் தண்ணீர். குன்னூருக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். படியோரம் கால்வாய் இல்லையென்றால் மழைத்தண்ணீருக்குப் படிக்கட்டே ஓடையாகிவிடும். கல்லுக்கு அடியிலிருக்கும் மண்ணை அரித்துவிடும், பாசி பிடிக்கும். பாதி உடைசலுக்குக் காரணம் இதுதான். ஒரு முழ அகலத்தில் கால்வாய், சொரசொரப்பான படி, இருபது முப்பது படிக்கு ஒரு தடவை மூச்சு வாங்க நின்றுகொள்ளச் சமதளம், ஒரு விளக்கு. விளக்கை நான் விடவே மாட்டேன். அந்தி சாய்ந்தால் பாதையில் காட்டெருமை நிற்கிறது, கரடி வருகிறது. எதிரே நிற்பது என்னவென்று பத்தடி முன்னாலேயே தெரிய வேண்டும்.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை 2024-ல் மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கினார்கள். நல்ல காரியம், நானும் அதில்தான் போகிறேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகும் பயணம் இருக்கிறதே! சமவெளியில் ஸ்டாப்பிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் பக்கம் என்று கணக்கு வைக்கிறார்கள். இங்கே அரை கிலோமீட்டரில் 200 படி இருக்கலாம். அதனால் ஸ்டாப் எங்கே வைக்கலாம் என்று பார்க்கும்போது, எந்தப் படிக்கட்டு எங்கே வந்து ரோட்டைத் தொடுகிறது என்று முதலில் பாருங்கள். படிக்கட்டு முடிகிற இடத்தில் பஸ் நிற்கட்டும். இதைத்தான் நான் போகிற கூட்டத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிக்கட்டு முடிகிற இடத்தில் பஸ் நிற்கட்டும். தூரத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் கிராமத்திலிருந்து, கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வருகிற தாய்க்கு அதுவே பெரிய உதவி.

ரயில் வந்து சேருகிற நேரத்துக்கு மினி பஸ்ஸைப் பொருத்துவது பற்றியும் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் இருக்கிறதாம். சைக்கிளை மட்டும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிலும், உதகையில் ஏரிப்பக்கமும் சமதளம் இருக்கிறது, அங்கே ரோட்டின் ஓர் ஓரத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்கலாம். குன்னூர் மாதிரி ஏற்றத்தில், காலையில் மிதிக்காமலே இறங்கி வருகிற பிள்ளை சாயங்காலம் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. மேலே போகிற மினி பஸ்ஸின் பின்னால் இரண்டு சைக்கிள் மாட்டுகிற மாதிரி ஒரு கம்பிச் சட்டம் வைத்துப் பார்க்கலாம். வணக்கம்.