கடைசிச் செமஸ்டரிலிருந்து தொடங்குவோம்

(ஃப்ரீமாண்ட்டில் தமிழ்ப் பெற்றோரும் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஒரு கணித ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு கணிதம் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேர்வதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிள்ளை நேராகப் பல்கலைக்கழகம் போகாமல் 'கம்யூனிட்டி காலேஜ்' போகிறான் என்று ஊரிலிருக்கும் சொந்தங்களிடம் சொல்ல இங்குள்ள பெற்றோர் சிலருக்குத் தயக்கம் இருப்பதை அறிவேன். 1960-ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்திலேயே இந்த மாநிலம் வகுத்து வைத்த வழி இது, பின்வாசல் அன்று. மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு (பாட அலகு) 46 டாலர் வீதம் இரண்டாண்டுக்கான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர்தான் ஆகிறது என்பதை மட்டும் சொல்லிக் கட்டணப் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, தன் செமஸ்டர் வாரியான பாடத்திட்டத்தை எழுதி நான்காக மடித்த தாள் ஒன்றோடு என் அறைக்கு வந்தார். முதல் செமஸ்டரில் ஆங்கிலம், வரலாறு, உளவியல், ஓவியம் என்று எழுதியிருந்தது. நுண்கணிதத்தின் (கால்குலஸ்) முதல் பாடம் இரண்டாம் செமஸ்டரில்தான் எட்டிப் பார்த்தது. ஏன் என்று கேட்டேன். "கஷ்டமானதை அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைச்சேன் சார்" என்றார்.

உளவியலையும் வரலாற்றையும் எந்தச் செமஸ்டரில் வைத்தாலும் குற்றமில்லை. கணிதப் பாடங்களோ சங்கிலிக் கண்ணிகள். முதல் நுண்கணிதம் முடியாமல் இரண்டாவது இல்லை. இரண்டாவது முடியாமல் மூன்றாவதான பலமாறி நுண்கணிதம் இல்லை. நேரியல் இயற்கணிதமும் (லீனியர் அல்ஜீப்ரா) வகைக்கெழுச் சமன்பாடுகளும் (டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ்) அவற்றையொட்டியே வருகின்றன. ஆகவே முதல் ஆண்டில் இரண்டு நுண்கணிதங்களையும் முடித்து, மூன்றாம் செமஸ்டரில் பலமாறி நுண்கணிதத்தோடு நேரியல் இயற்கணிதத்தையும், நான்காவதில் வகைக்கெழுச் சமன்பாடுகளோடு தனிநிலைக் கணிதத்தையும் (டிஸ்கிரீட் மேத்ஸ்) வைத்தால்தான் நான்கு செமஸ்டருக்குள் கணக்கு நேராகிறது. நுண்கணிதத்துக்கு முந்தைய பாடத்திலிருந்து தொடங்க வேண்டியவர்கள் கோடை வகுப்பை நம்ப வேண்டியிருக்கும். சிறிய கல்லூரிகளில் இந்தச் சங்கிலியின் பிற்பகுதிப் பாடங்கள் ஆண்டுக்கொருமுறை மட்டுமே நடக்கலாம். ஆள் சேராவிட்டால் வகுப்பையே எடுத்துவிடுவதும் உண்டு. அந்த மாணவிக்கு நேர்ந்தது அதுதான்: நம்பியிருந்த கோடை வகுப்பு ரத்தானது, இரண்டாண்டு மூன்றாண்டாயிற்று.

இனி, போய்ச் சேருமிடம். 2010-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கென்றே வகுக்கப்பட்ட ஈராண்டுப் பட்டத்தை உரிய தகுதியோடு முடிப்பவருக்கு கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக (சி.எஸ்.யூ.) அமைப்பில் ஓர் இடம் உறுதி. ஓர் இடம் என்றுதான் சட்டம் சொல்கிறது. நாம் விரும்பும் வளாகத்தில் என்று சொல்லவில்லை. கணிதத்தில் அந்தப் பட்டத்துக்கு மூன்று நுண்கணிதங்களோடு, நேரியல் இயற்கணிதம் அல்லது வகைக்கெழுச் சமன்பாடுகள், இரண்டில் ஒன்றும், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் மற்றொரு பாடமும் இருந்தாலே அடிப்படைத் தேவை நிறைவேறிவிடும். ஆனால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் (யூ.சி.) என்ற வேறோர் அமைப்பைச் சேர்ந்த பெர்க்லியின் கணிதத் துறை நேரியல் இயற்கணிதத்தையும், அதோடு தனிநிலைக் கணிதத்தையும் முதலிரண்டு ஆண்டுக்கான கீழ்நிலைப் பாடங்களாக வைத்திருக்கிறது. பட்டத்துக்குப் போதுமானது பெர்க்லிக்குப் போதாமல் போகிற இடம் இதுதான். உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' இணையதளம் கல்லூரி வாரியாகக் காட்டுகிறது. அக்கம்பக்கத்து அண்ணன் சொன்னார் என்பதை நம்பாமல் அதைப் பாருங்கள். அண்ணன் வேறு ஆண்டில், வேறு கல்லூரியில் படித்தவராக இருப்பார். பாதியில் கல்லூரி மாறுவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, டி ஆன்சா செமஸ்டருக்குப் பதில் காலாண்டு முறையில் நடக்கும் சமுதாயக் கல்லூரி. அங்கே நுண்கணிதம் நான்கு துண்டுகள். நடுத்துண்டில் எழுந்து செமஸ்டர் கல்லூரிக்குப் போனால், சில அத்தியாயங்களை இருமுறை படிப்பீர்கள், சிலவற்றைப் படிக்கவே மாட்டீர்கள்.

டேவிஸ், இர்வைன், சாண்டா குரூஸ் உள்ளிட்ட ஆறு கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்கள் நிபந்தனைகளோடு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்கின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியேகோவும் செய்வதில்லை. அந்த உறுதிக்கான விண்ணப்பம் செப்டம்பரில், பொது விண்ணப்பம் அக்டோபர், நவம்பரில். அதாவது, இரண்டாண்டுப் படிப்பென்றாலும் விண்ணப்பிக்கும்போது கையிலிருப்பவை முதலாண்டு மதிப்பெண்கள் மட்டுமே. கணிதத்தைத் தள்ளிப்போட்டவரிடம் அந்த நேரத்தில் காட்டுவதற்கு ஓவியம்தான் இருக்கும்.

தனிநிலைக் கணிதத்தை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நுண்கணிதத்தில் பெரும்பாலும் விடை கண்டுபிடிக்கிறோம். மூன்றாம் ஆண்டின் மெய்ப்பகுப்பாய்விலும் (ரியல் அனாலிசிஸ்) நுண்புல இயற்கணிதத்திலும் (அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா) நிரூபிக்கிறோம். அதற்குப் பழகிக்கொள்ளும் இடம் தனிநிலைக் கணிதம். இரண்டு ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை இரட்டை என்று நிரூபிக்கச் சொன்னால், நுண்கணிதத்தில் ஏ வாங்கிய பிள்ளைகூட 3+5=8, 7+9=16 என்று பத்து வரி எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். ஒற்றை எண்களை 2m+1, 2n+1 என்று எழுதி, கூட்டினால் 2(m+n+1) என்று காட்டும் ஒற்றை வரி அவனுக்குத் தோன்றுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களை, ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டிக் கேட்க முடிகிற சிறு வகுப்பில் செலவிடுவது நல்லது.

வாசலருகே மேசையில் வெற்றுத் தாள்கள் இருக்கின்றன. நான்கு செமஸ்டருக்கு நான்கு கட்டம் போட்டு, போய்ச் சேர விரும்பும் வளாகம் கேட்கும் கடைசிப் பாடங்களால் நான்காவது கட்டத்தை முதலில் நிரப்பி, அங்கிருந்து பின்னோக்கி நிரப்பிக்கொண்டு வாருங்கள். அதன்பின் உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.