மைக்ரோவேவில் அணைந்திருந்த மணிக்கூடு

வணக்கம் நேயர்களே.

கோடை தொடங்கப்போகிறது. உங்களில் சிலர் இந்த வருடம்தான் முதன்முதலாக ஒரு ட்ரெயிலரை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ பிள்ளைகளோடு வெளிக்கிட நினைத்திருப்பீர்கள். அப்படியானவர்களுக்காக ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டுத்தான் என்னைக் கலையகத்துக்கு அழைத்தார்கள். எங்களிடம் 24 அடி ட்ரெயிலர் ஒன்று இருக்கிறது. உள்ளே கட்டில், குசினி, குளியல் எல்லாம் இருக்கும், பிக்கப்பில் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற வகை. ஓட்டுவது நான். கொழுவுவதும் கழற்றுவதும் தண்ணீர், காஸ், கரண்ட் எல்லாம் பார்ப்பதும் நான்தான். இன்றைக்கு நான் பேச வந்தது ஒரேயொரு வார இறுதியைப் பற்றி.

செப்டெம்பர் கடைசி. ஸ்காபரோவில் இருந்து சாண்ட்பாங்ஸ் பூங்காவுக்குப் போனோம். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஏறி, ட்ரென்டனில் இறங்கி, பிக்டன் பக்கம் போகவேண்டும். சுமார் 200 கிலோமீற்றர். கணவர், மகள், மகன், என் அம்மா, நான் என்று ஐந்து பேர். அம்மா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்து வளர்ந்தவர். சாண்ட்பாங்ஸ் மணல் மேடுகளின் படத்தைக் காட்டியபோது, "இது எங்கட மணற்காடு மாதிரியெல்லே கிடக்கு" என்றார். ஒன்ராறியோ ஏரியின் குடாக்களின் வாய்க்கு அணைபோட்டதுபோலக் கிடக்கும் அந்த மணல், நன்னீர்க் கரையில் அந்த வகையில் உலகத்திலேயே பெரியது. உப்பில்லாத தண்ணீருக்குப் பக்கத்தில் அப்படியொரு மணலைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில்தான் அம்மா வந்தார்.

வெளிக்கிடும்போதே முழங்கால் நோகுது, ட்ரெயிலருக்குள் கட்டிலில் படுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். ஒன்ராறியோவில் அது சட்டப்படி கூடாது. ஓடுகிற ட்ரெயிலருக்குள் யாரும் இருக்கக்கூடாது. பிக்கப்பில் பின்சீற்றில் தலையணை வைத்து ஏற்றினேன். காரில் தலைசுற்றும் என்பதால் மகள் முன்னுக்கு இருந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலையால் வந்த கையோடு கொழுவுகிறேன். பிக்கப்பின் பின்னால் உள்ள இரும்புக் குண்டில் ட்ரெயிலரின் வாய் இறங்கிப் பூட்டுவிழுந்தது. சங்கிலிகள் இரண்டையும் கீழால் குறுக்காகப் போட்டேன். ஏழு முனைப் பிளக்கைக் கொண்டுபோய் பிக்கப்பின் சொக்கற்றில் செருகும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து எந்தப் பூங்கா என்று கேட்டார். பதில் சொன்னேன். பிளக் உள்ளே போனது. ஆனால் சொக்கற்றின் மூடியில் ஒரு சின்னக் கொளுக்கி இருக்கும். பிளக்கின் மேலே உள்ள மேட்டை அது பிடித்துக்கொண்டால்தான் பிளக் வழியில் கழராது. அது பிடிக்கவில்லை. நான் பார்க்கவில்லை.

அந்த ஏழு முனையில் வெறும் லைற் மட்டும் இல்லை. ட்ரெயிலரின் பிரேக்குக்குக் கரண்ட் போவதும் அதற்குள்ளால்தான். ட்ரெயிலரின் மொத்த எடை 1360 கிலோவுக்கு மேலே போனால் அதற்கென்று தனிப் பிரேக் இருக்கவேண்டும் என்பது இந்த மாகாணச் சட்டம். எங்களுடையது சாமான்களோடு 2700 கிலோ வரும். 401இல் நேராகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. ட்ரென்டனில் இறங்கும் வளைவில் பிரேக்கை மிதித்தபோது, யாரோ பின்னால் நின்று தள்ளுவதுபோல இருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. முன்னால் வாகனம் இல்லாததால் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து, பெரிய வாகனத் தரிப்பிடம் ஒன்றில் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் பிளக் அரைவாசி வெளியே.

மகள் சொன்னாள், "அம்மா, ட்ரெயிலர் கனெக்ட் இல்லையெண்டு ஸ்கிரீன்ல ஸ்காபரோவிலேயே ஒருக்கா வந்தது. பிறகு போயிட்டுது. திரும்பவும் வந்தது. நீங்கள் லேன் மாறிக்கொண்டிருந்தீங்கள். அந்த நேரம் கதைக்கக்கூடாதெண்டு சும்மா இருந்தன்."

அவள்மேல் எந்தப் பிழையும் இல்லை. ஓட்டும்போது கதைக்காதே என்று சொல்லி வளர்த்தது நான். இந்தச் செய்தி வந்தால் மட்டும் கத்தியாவது சொல்லு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நிறுத்தினதுதான் நிறுத்தினோம், உள்ளேயும் ஒருதரம் பார்ப்போம் என்று ட்ரெயிலர் கதவைத் திறந்தேன். பிரிட்ஜ் ஆவென்று திறந்து கிடந்தது. அம்மா விடியப்புறம் எழும்பி வைத்த மீன்குழம்பு முழுவதும் நிலத்தில். தயிர்ச் சட்டி கவிழ்ந்து கட்டிலுக்குக் கீழே ஓடியிருந்தது. ட்ரெயிலர் பிரிட்ஜ் வீட்டுப் பிரிட்ஜ் மாதிரி இல்லை. கதவைச் சாத்தினால் போதாது, பூட்டு டக்கென்று விழவேண்டும். அம்மா துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார், "நான் சாத்தேக்க அந்தச் சத்தம் கேக்கேல்லை பிள்ளை. இஞ்சத்தைப் பிரிட்ஜ் இப்பிடித்தானாக்கும் எண்டு விட்டிட்டன்."

ட்ரென்டனில் பாணும் முட்டையும் வாங்கிக்கொண்டு போனோம். இருட்டில் போய்ச் சேர்ந்து, பக்கவாட்டு மட்டம் பார்த்து, சில்லுகளுக்கு அடைகொடுத்து, பிறகு கழற்றி, படுக்கும்போது நடுச்சாமம் ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலை நல்ல வெயில். அம்மாவைக் கைபிடித்து மணலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரைக் கையால் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். "உண்மையாவே உப்பில்லை" என்று பிள்ளைகளிடம் சொன்னார். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக எத்தனை குழம்பும் கொட்டலாம்.

மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடித்தது. குளிர் இறங்கியது. இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ட்ரெயிலருக்குள் இரண்டு விதமான கரண்ட் இருக்கிறது. பூங்காவின் கம்பத்தில் இருந்து வருவது 120 வோல்ட். சுவரில் உள்ள பிளக்குகள், மைக்ரோவேவ் எல்லாம் அதில் வேலை செய்யும். மற்றது ட்ரெயிலரின் சொந்த பட்டரி, 12 வோல்ட். மேலே எரிகிற லைற், தண்ணீர்ப் பம்பி, காஸ் சூடாக்கியின் விசிறி எல்லாம் அதில். கம்பத்துக் கரண்ட் இருக்கும்வரை பட்டரி தானாக ஏறிக்கொண்டிருக்கும். எங்கள் ட்ரெயிலர் 30 அம்பியர் வகை. 120ஐ 30ஆல் பெருக்குங்கள், 3600 வாட்ஸ். அதுதான் முழு வீட்டுக்கும் உள்ள பங்கு.

அன்று இரவு பத்து மணி இருக்கும். மகள் படுக்கும் பக்கத்தில் 1500 வாட்ஸ் ஹீற்றரைப் போட்டிருந்தாள். கணவர் பாத்திரம் கழுவச் சுடுதண்ணீர் வேண்டும் என்று தண்ணீர் சூடாக்கியின் சுவிச்சைத் தட்டினார், அது 1400. அம்மா தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டார், அது இன்னொரு 1500. ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்றைத்தான் போட்டார்கள். கூட்டினால் 4400. வெளியே மழைக்குள், கம்பத்தில் இருந்த பிரேக்கர், பாரம் கூடினால் கரண்டைத் தானாக நிறுத்தும் சுவிச், விழுந்துவிட்டது.

உள்ளே யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் லைற் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது, பட்டரியில். ஹீற்றர் நின்றதும் குளிர் கூட, காஸ் சூடாக்கி தானாக ஓடத் தொடங்கியது. அதன் விசிறியும் பட்டரியில்தான். எங்கள் பட்டரி பழையது. நாங்கள் போர்த்துப் படுத்துவிட்டோம்.

விடியப்புறம் நாலரை மணிபோல ஒரு கீச்சுச் சத்தம். நிலத்தோடு ஒட்டி இருக்கும் காஸ் அலாரம், பட்டரி இறங்கினால் அப்படிக் கத்தும். எழும்பினால் உள்ளே மூச்சு புகையாகத் தெரிகிறது. விசிறி சுழலப் பலமில்லாவிட்டால் சூடாக்கியில் நெருப்புப் பற்றாது, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பம்பியும் இல்லை, லைற்றும் இல்லை. மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு டோர்ச்சோடு கம்பத்தடிக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது. பிரேக்கரை முழுதாகக் கீழே தள்ளி, பிறகு மேலே தூக்கினேன். உள்ளே மைக்ரோவேவ் ஒருமுறை பீப் என்றது.

அப்போது அம்மா கட்டிலில் இருந்தபடி சொன்னார், "நான் ராத்திரித் தேத்தண்ணி ஊத்தேக்கயே பாத்தனான் பிள்ளை, அந்த மணிக்கூடு அணைஞ்சு கிடந்தது. கேத்தலும் கொதிக்க முதலே நிண்டிட்டுது. சாடையான சூட்டோட குடிச்சிட்டுப் படுத்தனான்."

மைக்ரோவேவின் முகத்தில் உள்ள அந்தப் பச்சை எண்கள் 120 வோல்ட்டில் மட்டும்தான் எரியும். ட்ரெயிலருக்குள் கம்பத்துக் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. நான் தினமும் அதைப் பார்த்துத்தான் படுப்பேன். அன்றைக்கு மழையில் களைத்துப்போய்ப் பார்க்கவில்லை. அம்மா பார்த்தார்.

நேயர்களே, அந்த விடியலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஸ்கிரீனில் செய்தியைக் கண்டது மகள். பிரிட்ஜ் பூட்டு விழாததைக் கேட்டது அம்மா. மணிக்கூடு அணைந்ததைக் கண்டதும் அம்மா. கண்டவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரிந்த நான் அதைக் காணவில்லை. எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன், மற்றவர்கள் ஆறுதலாக இருக்கட்டும் என்று அன்பாகத்தான் நினைத்திருந்தேன். அந்த அன்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது.

அதிலும் அம்மாவைப் பற்றி நினைக்க எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருடங்களை இதைக் கேட்கிற பலர் கடந்து வந்திருப்பீர்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் ஒரு சிரட்டைக்கும் காணாத மண்ணெண்ணெயும் விட்டு, அந்த வெளிச்சத்தில் எங்களைப் படிக்க வைத்தவர் அவர். எண்ணெய் எவ்வளவு மிச்சம், திரி எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் படுக்கமாட்டார். அப்படிப்பட்ட கண்ணுக்கு, "அம்மா, இந்த எண்கள் அணைந்தால் என்னை எழுப்புங்கோ" என்று ஒரு வசனம் சொல்ல எனக்கு ஆறு வருடமாகத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மகன் குளித்துக்கொண்டிருந்தபோது கால் மட்டத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, அதில் சோற்றுப்பருக்கையும் மிதந்திருக்கிறது. குளியலும் குசினியும் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் கிறே டாங்க் நிரம்பினால், இருப்பதற்குள் பள்ளமான வாய் குளியல் தட்டு என்பதால் அதற்குள்ளால்தான் மேலே வரும். சுவரில் உள்ள அளவுகாட்டியை நம்பவேண்டாம். உள்ளே அழுக்குப் பிடித்தால் அது பிழையாகக் காட்டும். இந்தமுறை மகன் உடனே, "அம்மா, தண்ணி போகுதில்லை" என்று கத்தினான். பைப்பைப் பூட்டினோம், துடைத்தோம், முடிந்தது. புறப்படும் வழியில் கழிவு இறக்கும் இடத்தில் அவனைப் பக்கத்தில் நிறுத்தி, முதலில் கழிப்பறைக் கழிவு சேரும் பிளாக் டாங்க், பிறகுதான் கிறே, அந்தச் சவர்க்காரத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும் என்று காட்டினேன். கையுறையைப் போட்டுக்கொண்டு இரண்டாவது வால்வை அவனே இழுத்தான்.

அடுத்த வார இறுதியில் நாங்கள் எங்கும் போகவில்லை. வீட்டு முன்றலில் ட்ரெயிலரை நிறுத்தி, கரண்டைக் கொடுத்து, எல்லோரையும் உள்ளே இருத்தினேன். பிரேக்கரை வேண்டுமென்றே விழுத்தி, எது அணைகிறது, எது அணையவில்லை என்று பார்க்கச் சொன்னேன். இவர் ஒரு கடதாசியில் எந்தச் சாமான் எத்தனை வாட்ஸ் என்று எழுதிக் கேத்தலுக்கு மேலே ஒட்டினார். பிளக்கின் கொளுக்கி பிடிக்கும் சத்தத்தை மகள் பத்துத்தரமாவது போட்டுக் கழற்றிக் கேட்டாள். இப்போது கொழுவுவது நான், கொழுவி முடிந்ததும் சுற்றிவந்து தொட்டுப் பார்ப்பது அவள். நான் கொழுவும்போது யாரும் என்னோடு கதைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லியாயிற்று, அவர் கோபிக்கவில்லை.

போன வைகாசி நீண்ட வார இறுதியில் மறுபடி சாண்ட்பாங்ஸ் போனோம். முதல் இரவு, எல்லோரும் படுத்தபிறகு, அம்மா மெல்ல எழும்பி வருவது கேட்டது. பிரிட்ஜ் கதவை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். டக். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மைக்ரோவேவுக்குக் கிட்டப்போய் நின்றார். நேரத்தைச் சரிசெய்ய எங்களுக்கு மறந்துபோயிருந்தது. 12:00 என்று பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

"கரண்ட் இருக்கு பிள்ளை, நீ படு" என்றார்.